நையாண்டிக்கு அடையாளம் வேண்டும்

நடுவர் அவர்களே, இந்தக் கடற்காற்றிலும் கலையாமல் அமர்ந்திருக்கும் திருகோணமலைப் பெரியோர்களே, தாய்மாரே, வணக்கம்.

இணையத்தில் எழுதும் நையாண்டிக்கு, இது நையாண்டி என்று காட்டும் அடையாளம் வேண்டுமா, வேண்டாமா என்பது இன்றைய வழக்கு. வேண்டாம் என்று பேசிய எதிரணித் தம்பி ஒரு குறளைத் துணைக்கு அழைத்தார். "தேவர் அனையர் கயவர்." கயவரைத் தேவர் என்கிறார் வள்ளுவர், பக்கத்தில் சிரித்த முகம் ஏதும் இல்லை, ஆனாலும் நமக்கு விளங்குகிறதே என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தம்பி பாதிக் குறளோடு நின்றுவிட்டார். "அவருந்தாம் மேவன செய்தொழுக லான்" என்று மீதி வருகிறது. தட்டிக்கேட்க ஆளில்லாமல் நினைத்ததையெல்லாம் செய்வதால் இருவரும் ஒன்று என்று காரணத்தையும் உடனே வைத்துவிடுகிறார். போதாததற்கு, அந்த 108ஆம் அதிகாரத்தின் தலையிலேயே 'கயமை' என்று எழுதியிருக்கிறது. வஞ்சப் புகழ்ச்சிக்கு நாம் எடுத்துக்காட்டும் குறளிலேயே அடையாளம் இரண்டு இடத்தில் இருக்கிறது!

நம் ஊரில் 'ஆமாம்' என்பதற்குச் சொல்லும் 'ஓம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் சந்தையில் ஒருவர், "இன்று பிடித்த மீனா?" என்கிறார். விற்பவர் சட்டென்று "ஓம்" என்கிறார். பக்கத்தில் நிற்கும் அம்மாவும் "ஓ...ம்" என்று இழுத்து, முகவாயைத் தோளில் இடித்துக்கொள்கிறார். அந்த மீன் முந்தாநாள் பிடித்தது என்று வாங்க வந்தவருக்கு விளங்கிவிடுகிறது. சொல் ஒன்றே. இழுப்பும் இடிப்பும்தான் பொருளைப் புரட்டிப் போட்டன. கைத்தொலைபேசித் திரையில் அவை இரண்டும் ஏறுவதில்லை.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சிலரை மின்னஞ்சலில் மெய்யாகச் சில வரிகளும் கிண்டலாகச் சில வரிகளும் அனுப்ப வைத்தார்கள். நூற்றுக்கு 78 சரியாகப் போய்ச் சேரும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். சேர்ந்தது 56. நாணயத்தைச் சுண்டிவிட்டே 50 வாங்கிவிடலாம்! குரலில் சொன்னபோது 70க்கும் மேல் சரியாகப் போய்ச் சேர்ந்தது. எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. வாசிப்பவருக்கும் அது கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

சிரித்த முகக் குறி பிறந்ததே இப்படி ஒரு குழப்பத்தில்தான். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டது என்று ஒருவர் கணினியில் எழுதிய பகிடியைச் சிலர் மெய்யான எச்சரிக்கை என்று எண்ணிவிட்டார்கள். 1982 செப்டம்பர் 19ஆம் திகதி ஸ்கொட் ஃபால்மன் என்ற கணினி அறிவியலாளர், பகிடி என்றால் ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறுகோடு, ஓர் அடைப்புக்குறி போடுங்கள் என்றார். அந்த இடத்தில் நம் நிலாவெளியை வைத்துப் பாருங்கள். மார்கழியில் கடல் கொந்தளிக்கும்போது, "கடல் குளம் போலக் கிடக்கிறது, பிள்ளைகளோடு குளிக்க வாருங்கள்" என்று ஒருவர் எழுதினால் நமக்குச் சிரிப்பு வரும். மலையகத்திலிருந்து புறப்படக் காத்திருக்கும் குடும்பம் அதை நம்பி வாகனம் பிடிக்கும்.

இனி என் வீட்டுக் கதை. கனடாவில் இருக்கும் என் தங்கை, வேலை போயிருந்த நேரத்தில், அப்பாவின் திவசத்துக்கு 5000 ரூபாய் அனுப்பினாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதினேன்: "பெரிய உதவி செய்துவிட்டாய் தங்கச்சி." ஒவ்வொரு எழுத்தையும் மனதார எழுதினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் வரவில்லை. மூன்று மாதம் வரவில்லை. பொறுக்க முடியாமல் அழைத்தேன். "ஐயாயிரம் ரூபாய் உங்களுக்குப் பகிடியாகப் போய்விட்டதா அண்ணா?" என்று கேட்டு அழுதாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அந்தக் குழுவில் மேலே தள்ளிப் பார்த்தேன். அந்த நன்றிக்கு நான்கு நாளுக்கு முன், கிணறு இறைக்க வருகிறேன் என்று சொல்லி வராத என் தம்பிக்கு நானே எழுதியிருக்கிறேன்: "பெரிய உதவி செய்துவிட்டாய் தம்பி." எந்த அடையாளமும் இல்லை. அந்த நக்கல் வைத்த கடனை, மனதாரச் சொன்ன என் நன்றி கட்டியிருக்கிறது.

அடையாளம் போட்டால் சுவை செத்துவிடும் என்று எதிரணித் தங்கை கவலைப்பட்டார். சிரித்த முகம் பிடிக்கவில்லையா? 'பகிடிக்குத்தான்' என்று ஒரு சொல் எழுதுங்கள். அதுவும் வேண்டாமென்றால் வள்ளுவர் வழி இருக்கிறது, காரணத்தைக் கூடவே வையுங்கள். "பெரிய உதவி செய்துவிட்டாய் தம்பி, இறைத்து முடிந்த கிணற்றுக்கு இனி வாளியோடு வருவாய்" என்று நான் எழுதியிருந்தால் அவனுக்கு இன்னும் நன்றாக உறைத்திருக்கும். என் தங்கையும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாள்.

நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணியினரிடம் ஒரு பதிலைக் கேட்டுவிட்டு அமர்கிறேன். என் தங்கையின் கையில் இருந்தவை ஒரே மாதிரியான இரண்டு வரிகள். ஒன்று நக்கல், மற்றது நன்றி. கடல் கடந்து இருந்தவள் எதை வைத்து அவற்றைப் பிரித்தறிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.