641 உடைத்த எண்: 4294967297

[திரையில்: 4294967297]

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. கடைசி இலக்கம் 7, அதனால் 2, 5 இரண்டாலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 59, ஆகவே 3-உம் இல்லை. 7, 11, 13 என்று போட்டுக்கொண்டே போங்கள், மீதி வந்துகொண்டே இருக்கும்.

இது பகா எண்தான் என்று நம்பியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை: 17-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை பியேர் டி ஃபெர்மா.

[திரையில்: 2¹+1 = 3, 2²+1 = 5, 2⁴+1 = 17, 2⁸+1 = 257, 2¹⁶+1 = 65537]

அடுக்கு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிறது. ஐந்துமே பகா எண்கள். அடுத்து வருவது 2³²+1, அதாவது நம் எண். இந்த வரிசை முழுக்கப் பகா எண்களே என்பது ஃபெர்மாவின் கணிப்பு.

1732-இல் கணித மேதை ஆய்லர் அதை உடைத்தார்: இது 641-ஆல் வகுபடும்!

ஒரு எண் பகு எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை தேடினால் போதும்; இங்கே அது சுமார் 65,536. அதுவரை உள்ள பகா எண்கள் 6,542. அத்தனையையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும்; ஆய்லரே பின்னர் நிறுவிய விதி இது. அப்படிச் சலித்தால் முதலில் மிஞ்சுபவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே ஆள் சிக்கிவிடுகிறது.

எனக்கு வியப்பெல்லாம் ஃபெர்மா மீதுதான். 2³⁷−1-க்கு 223 என்ற காரணியை இதே மாதிரிச் சலித்துப் பிடித்தவர் அவர். இங்கே எப்படி விட்டார்?

சரி, 641 வகுக்கும் என்பதை நீளமாக வகுக்காமலே பார்த்துவிடலாம்.

[திரையில்: 641 = 5×2⁷ + 1]

5×2⁷ என்பது 640. 641-ஆல் வகுத்தால் ஒன்று குறைகிறது, எனவே மீதியை −1 என்று வைத்துக்கொள்வோம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் −1 என்பது 1 ஆகிவிடும். ஆக, 5⁴×2²⁸-இன் மீதி 1.

[திரையில்: 641 = 5⁴ + 2⁴]

625-உம் 16-உம் சேர்ந்தாலும் அதே 641. அதனால் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். இப்போது −2³²-இன் மீதி 1. அப்படியானால் 2³²-இன் மீதி −1. ஒன்றைக் கூட்டுங்கள், மீதி பூஜ்யம்!

[திரையில்: 641 × 6700417 = 4294967297]

6700417 பகா எண், அதற்கு மேல் உடையாது.

அப்புறம் வரிசை என்ன ஆனது? அடுத்த எண் 2⁶⁴+1. அதை 1880-இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக் கணிதர் உடைத்தார்: 274177 × 67280421310721. முதல் ஐந்துக்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை கிடைக்கவில்லை. அடுக்கு 1048576 ஆக இருக்கும் எண்ணின் நிலைமை இன்னும் வேடிக்கை: அது பகு எண் என்று உறுதியாகத் தெரியும், ஆனால் அதன் காரணி ஒன்றைக்கூட யாரும் கண்டதில்லை.