எடை இறங்கலையா? ஒரு அகப்பை சோறு கூடப் போடுங்க! நாலாம் நாள் தராசைப் பார்த்து மட்டும் பயந்துடாதீங்க

[திரையில்: பாதி காலியான தட்டு, பக்கத்துல சமையல் தராசு]

காலையில பசியாற ரெண்டு கிரீம் கிராக்கர், சீனி போடாத தே ஓ. மத்தியானம் ஒரு கைப்பிடி சோறு, அவிச்ச கீரை. ராத்திரி ஒரு ஆப்பிள். எட்டு மாசமா இதான் சாப்பாடு. மொதல்ல ஆறு கிலோ இறங்குச்சு. இப்ப ரெண்டு மாசமா தராசு அசையவே இல்ல. கை கால் சில்லுன்னு இருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வருது, சீப்பு நிறைய முடி. அடுத்து என்ன பண்ணப் போறீங்க? அந்த ஆப்பிளையும் நிறுத்தப் போறீங்க, அதானே?

ஆப்பிள் இருக்கட்டும். சோத்தைக் கூட்டுங்க.

வணக்கம் மக்களே. பின்னணியை ஒரே மூச்சுல சொல்லிடுறேன். எடை குறைஞ்ச உடம்புக்குச் செலவும் குறைவு. வயிறு நிறைஞ்சதை மூளைக்குச் சொல்ற லெப்டின் ஹார்மோன் இறங்கும், பசி ஏறும், உடம்புச் செலவை நடத்துற தைராய்டு ஹார்மோன் டி3 இறங்கும். உங்களுக்கே தெரியாம நடமாட்டமும் குறையும்: நின்னு மடிச்ச துணியை உட்கார்ந்து மடிப்பீங்க, ரெண்டு நடை போற கடைக்கு ஒரு நடையில முடிச்சுக்குவீங்க. பின்னணி முடிஞ்சது.

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்க்காரங்களுக்கு இதை விளங்க வைக்கப் பால்மரம் போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்ட வேண்டிய மரத்தைத் தினமும் வெட்டினா, கொஞ்ச நாளைக்கு மங்கு நிறையும். அப்புறம் வெட்டுக்கோடு அங்கங்க வறண்டு, பால் நின்னுடும். அப்ப பால்வெட்டத் தெரிஞ்சவங்க கத்தியை இன்னும் ஆழமா இறக்க மாட்டாங்க, மரத்துக்கு ஓய்வு விடுவாங்க. நாமதான் உடம்பு வறண்ட பிறகும் கத்தியை இறக்கிட்டே போறோம். ஆனா ஒன்னு. மரத்துல பால் நிஜமாவே நின்னுடும். மனுஷ உடம்புல கொழுப்பு கரையறது அப்படி நிக்காது. 'பட்டினி மோட்ல' போயிட்டா தண்ணி குடிச்சாலும் சதை போடும்னு டிக்டாக்ல சொல்றாங்களே, அது கட்டுக்கதை. எப்படித் தெரியும்னு கேட்டா, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி ஒன்னு இருக்கு. கொஞ்சம் நீளும், ஒரு தே கலக்கிட்டு வந்து உட்காருங்க.

[திரையில்: 1944, மினசோட்டா]

ரெண்டாம் உலகப் போர் முடியற நேரம். ஐரோப்பாவுல பட்டினி கிடந்தவங்களை எப்படித் தேத்துறதுன்னு யாருக்கும் தெரியல. அமெரிக்காவுல, மினசோட்டா பல்கலைக்கழக விளையாட்டரங்கத்துக்கு அடியில இருந்த அறைகள்ல, ஆன்செல் கீஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களைத் தங்க வைச்சார். மனசாட்சிப்படி துப்பாக்கி தூக்க மாட்டோம்னு சொல்லி, அதுக்குப் பதிலா இதுக்கு முன்வந்தவங்க. மொதல்ல நாளுக்குச் சுமார் 3,200 கலோரி. 1945 பிப்ரவரியில இருந்து 24 வாரம், சுமார் 1,570. உருளைக்கிழங்கு, டர்னிப், முட்டைக்கோஸ், மக்ரோனி, கறுப்பு ரொட்டி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை வேற.

1,570ஐ அவங்க அரைப்பட்டினின்னு கணக்கு வைச்சாங்க. உங்க போன்ல இருக்கிற ஆப் என்ன போடுது? 1,200. சரி, அவங்க நல்லா நடக்கிற ஆம்பளைங்க, நேரடியா ஒப்பிட முடியாது. இருந்தாலும் வயித்தைக் கலக்குதுல்ல?

உடம்பு எடையில கால்வாசி போச்சு; பட்டினியால எடை இறங்கறது நிக்கல. சராசரி நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 55ல இருந்து 35க்கு இறங்குச்சு. ஜூலை மாச வெயில்ல கம்பளி கேட்டாங்க. கால் வீங்குச்சு, அதாவது தண்ணி தேங்குச்சு; இந்தத் தண்ணியை ஞாபகம் வைச்சுக்குங்க, திரும்ப வரும். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகம் சேர்த்தாங்க. ஒரு தட்டை ரெண்டு மணி நேரம் இழுத்துச் சாப்பிட்டாங்க. ஒருத்தர் ஒரு நாளைக்கு 40 பாக்கெட் சுவிங்கம் மென்னார்! ராத்திரி பத்து மணிக்குப் பிரியாணி வீடியோவா பார்த்துட்டு இருக்கீங்களே, உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லைன்னு யார் சொன்னா? அந்த 36 பேருக்கும் இதேதான் ஆச்சு.

அப்புறம் தேத்துற கட்டம். நாலு குழு: பட்டினி அளவுக்கு மேல 400, 800, 1,200, 1,600 கலோரி. அதுக்குள்ளயே சிலருக்கு வைட்டமின் மாத்திரையும் சேர்த்தாங்க. மாத்திரையால ஒரு வித்தியாசமும் தெரியல. 400 கூடக் கொடுத்த குழு கிட்டத்தட்ட இருந்த இடத்துலயே இருந்தது. கடைசியில எல்லாருக்குமே சாப்பாட்டைத் தாராளமா ஏத்த வேண்டி வந்தது. பாசார் மாலாம்ல 'மெட்டபாலிசம் பூஸ்டர்' பவுடர் வாங்க வரிசையில நிக்கிறவங்களுக்கு இந்தப் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பி விடுங்க, புண்ணியமாப் போகும்.

2017ல ஆஸ்திரேலியாவுல இன்னொரு ஆய்வு: பருமனான 51 ஆம்பளைங்க, ரெண்டு வாரம் டயட், ரெண்டு வாரம் எடை நிக்கிற அளவு சாப்பாடுன்னு மாத்தி மாத்திப் போனவங்க 14 கிலோ, இடைவிடாம இருந்தவங்க 9 கிலோ குறைஞ்சாங்க. பின்னால வந்த சில ஆய்வுகள்ல இவ்வளவு வித்தியாசம் வரல. அதனால இதை வைச்சு மாயம்னு சொல்ல மாட்டேன், ஓய்வு எடுத்தா குடி முழுகாதுன்னு சொல்வேன்.

இப்ப கொஞ்சம் சங்கடமான விஷயம். 1992ல நியூயார்க்ல, '1,200க்குக் கீழதான் சாப்பிடுறேன், எடை குறையல'ன்னு சொன்னவங்களை அளந்து பார்த்தாங்க. சராசரியா 47 சதவீதம் குறைச்சுச் சொல்லியிருந்தாங்க. பொய் இல்ல, கணக்குக்கு வராத வாய்கள். நம்ம அடுப்படியில அது எங்க ஒளியுதுன்னா: தாளிக்கிற எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, தேயில ஊத்துற சூசு பெக்காட் ரெண்டு மேசைக்கரண்டி 130, கறியில சந்தான், பிள்ளை மிச்சம் வைச்ச நாசி லெமாக். அதனால மொதல்ல 14 நாள், சாப்பாட்டை மாத்தாம, அளந்து எழுதுங்க. சோத்தை வெந்த பிறகு எடை போட்டா 'வெந்த சோறு'ன்னு பதிவு பண்ணுங்க; 100 கிராம் வெந்த சோறு 130 கலோரி, 100 கிராம் அரிசி 360. இதை மாத்திப் போட்டே பாதிப் பேர் கணக்கு கவிழுது. அளந்ததுல 1,800 வந்தா, உங்களுக்குக் கூட்ட வேண்டிய அவசியமே இல்ல, அந்த அளவுலயே ஓய்வு எடுங்க. நிஜமாவே 1,200, 1,300 தானா? அப்ப தொடர்ந்து பாருங்க.

வீட்டு வேலை, கடை வேலை செய்றவங்க எடையை 30ஆல பெருக்குங்க, எடை அசையாம நிக்க ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி சுமாரா அதான். 62 கிலோன்னா 1,860. செம்பனைக் குலை வெட்டிச் சுமக்கிறவங்களுக்கு 35க்கும் மேல வரும். இருக்கிற இடத்துல இருந்து வாரத்துக்கு 200 கலோரியா ஏறுங்க, மூணு வாரத்துல பக்கத்துல வந்துடுவீங்க. 200ன்னா எவ்வளவு? வெந்த சோறு 150 கிராம். இல்ல, 100 கிராம் தெம்பே. இல்ல, ரெண்டு அவிச்ச முட்டையோட ஒரு பீசாங் எமாஸ். இல்ல, 120 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல். ஒரு ரொட்டி சானாய் மட்டுமே சுமார் 300 வரும். மாமாக் கடையில ஆரம்பிக்காதீங்கன்னு சொல்றது அதுக்குத்தான். மொதல் வாரம் பசியாறலுக்கு, ரெண்டாவது மத்தியானத்துக்கு, மூணாவது ராத்திரிக்குக் கூட்டுங்க. புரதம் எடைக்கு ஒரு கிலோவுக்கு 1.2ல இருந்து 1.6 கிராம், 100 கிராம் கெம்போங் மீன் சதையில 20 கிராம் கிடைக்கும்.

[திரையில்: நாலாம் நாள், காலை 6:30]

இப்ப அந்தக் காலை. தராசு 1.3 கிலோ ஏறிக் காட்டுது. நெஞ்சு படபடக்குது. நூத்துக்குத் தொண்ணூறு பேர் இங்கதான் கைவிடுவாங்கன்னு நான் பந்தயமே கட்டுவேன். பேனாவை எடுங்க. ஒரு கிலோ கொழுப்பு ஏற, செலவுக்கு மேல சுமார் 7,700 கலோரி வேணும். நீங்க கூட்டினது 200, நாலு நாள், மொத்தம் 800. அது முழுக்கக் கொழுப்பானாலும் 104 கிராம். ரெண்டு முட்டை கனம். மீதி 1.2 கிலோ? தசையும் ஈரலும் கிளைகோஜன்னு மாவுச்சத்தைச் சேமிக்கும். ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணியைச் சேர்த்து வைக்கும். டயட்ல காலியான 250 கிராம் திரும்ப நிரம்பினா தண்ணியோட ஒரு கிலோ. குடல்ல கூடுதலா இருக்கிற சாப்பாடு, முந்தின நாள் தின்ன கருவாட்டு உப்பு, அதுல மிச்சம். மாதவிடாய்க்கு முந்தின வாரம்னா இன்னும் கொஞ்சம்.

அதனால தினமும் காலைக்கடன் முடிச்சு, பசியாறுறதுக்கு முன்னால நிறுங்க, ஆனா 7 நாள் சராசரியை மட்டும் பாருங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தொப்புள் மட்டத்துல இடுப்பளவு. கூட்டி முடிச்சு மூணு வாரம் ஆகியும் சராசரி வாரத்துக்கு 300 கிராமுக்கு மேல ஏறினா, 150 கலோரி குறைங்க. நின்னுடுச்சா, 8ல இருந்து 12 வாரம் அங்கயே இருங்க. கை சூடாகும், தூக்கம் வரும். அதுக்கப்புறமும் குறைக்கணும்னா 300, 400 கலோரி மட்டும் குறைங்க, திரும்ப 1,200க்கு ஓடாதீங்க.

இன்சுலின் போடுறவங்க, சர்க்கரைக்குக் கிளிக்லாசைட் மாதிரி மாத்திரை எடுக்கிறவங்க, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவங்க, கிளினிக் கெசிஹாத்தான்ல கேக்காம எதையும் மாத்தக் கூடாது. மூணு மாசமா மாதவிடாய் வரலைன்னாலும் அங்கதான் போகணும். பத்து நாளுக்கு மேல கிட்டத்தட்ட ஒன்னுமே சாப்பிடாதவங்க, ரொம்ப எலும்பும் தோலுமா ஆனவங்க வீட்டுல திடீர்னு சாப்பாட்டைக் கூட்டவே கூடாது. ரத்தத்துல பாஸ்பேட் சரிஞ்சு இதயத்தையே பாதிக்கும், ஆஸ்பத்திரியில வைச்சுத்தான் தேத்தணும்.

சப்ஸ்கிரைப் பண்ணுங்க. கமெண்ட்ல உங்க 7 நாள் சராசரியைப் போடுங்க, ரெண்டு வாரத்து எண்ணும் சேர்த்து. 'இன்னைக்குக் காலையில 63.4, இப்ப என்ன பண்றது'ன்னு கேட்டா பதில் வராது, சொல்லிட்டேன்.