மில்லுக்காரர் மகனும் மோட்சார்ட்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'மிஸ்லிவெச்செக் நினைக்கப்படுவது சொந்த இசையாலா, மோட்சார்ட்டின் நட்பாலா?' என்பது தலைப்பு. மிஸ்லிவெச்செக் பதினெட்டாம் நூற்றாண்டில் ஓபரா, அதாவது பாட்டாலேயே நடக்கும் இசை நாடகம், எழுதிய இசையமைப்பாளர்; மோட்சார்ட் அவரைவிட வயதில் இளைய, உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளர். இசையால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பேச்சில் மோட்சார்ட் பெயர் வந்த அளவுக்கு மிஸ்லிவெச்செக் பெயர் வரவில்லை. ஐயாவைக் குறை சொல்ல மாட்டேன், நாக்கு சுளுக்குகிற பெயர்தான். இத்தாலிக்காரர்களே 'இல் போயெமோ', அதாவது போஹேமியாக்காரர் (இன்றைய செக் நாட்டுப் பகுதி), என்று கூப்பிட்டுச் சமாளித்தார்கள்.

யோசெஃப் மிஸ்லிவெச்செக் 1737-ல் பிராக் நகரில் பிறந்தவர். அப்பாவுக்கு மாவு மில், நல்ல வசதி. இவரும் 1761-ல் அந்தத் தொழிலில் தேர்ந்தவர் என்ற தகுதியைப் பெற்றுவிட்டார். அப்படியே உட்கார்ந்திருந்தால் சோற்றுக்குக் கவலையில்லை. மில்லைக் கூடப் பிறந்த இரட்டைச் சகோதரர் கையில் விட்டுவிட்டு 1763-ல் வெனிஸுக்கு வண்டி ஏறினார், இசையமைப்பாளர் பெஷெத்தியிடம் ஓபரா கற்க.

நான்கு ஆண்டு முடியவில்லை. 1767 ஜனவரி 20, நேப்பிள்ஸ், சான் கார்லோ அரங்கம், ஸ்பெயின் அரசர் மூன்றாம் சார்லஸின் பிறந்தநாள். மேடையேறியது இவருடைய 'பெல்லெரொஃபோன்தே'. பாடியவர்கள் யார்? காத்தரீனா கபிரியெல்லி, ஆன்டன் ராஃப். அன்றைய ஐரோப்பாவின் உச்ச நட்சத்திரங்கள். அது பெற்ற வரவேற்பில் அதே ஆண்டு அதே அரங்கில் இன்னொரு ஓபரா. நடுவர் அவர்களே, அந்த ஜனவரியில் மோட்சார்ட்டுக்குப் பதினொன்று பிறக்க ஒரு வாரம் பாக்கி! அந்தப் பையனா இவருக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தான்?

"இத்தாலியக் கவிஞர் மெத்தஸ்தாசியோ ஓபராவுக்கு எழுதிய பழைய கதைகளுக்கே இசையமைத்தார், அரைத்த மாவையே அரைத்தார்" என்றார் எதிரணிச் சகோதரி. மில்லுக்காரர் மகனைப் பார்த்துச் சொன்னீர்களே, ரசித்தேன். ஆனால் 'ஒலிம்பியாதே' கதைக்கு அந்த நூற்றாண்டில் இசையமைத்தவர்கள் எத்தனையோ பேர். ரசிகன் கதை தெரிந்துகொள்ளப் போகவில்லை அம்மா. மனப்பாடமான வரிகளுக்கு இந்த ஆள் என்ன மெட்டுப் போட்டிருக்கிறான் என்று கேட்கப் போனான். அந்தக் கடுமையான பரீட்சையில் இவர் ஏறத்தாழ இருபத்தாறு ஓபரா எழுதித் தாக்குப்பிடித்தார்.

கடைசிக் காலம் கொடுமை, மறுக்கவில்லை. 1777-ல் மியூனிக் மருத்துவமனையில் சிகிச்சை என்று அறுவை மருத்துவர் மூக்கையே சுட்டுப் பொசுக்கிவிட்டார். பார்க்கப் போன மோட்சார்ட், முகம் ஒன்றைத் தவிர அவர் பழையபடியே நெருப்பும் உயிருமாக இருக்கிறார் என்று அப்பாவுக்கு எழுதினார். எதிரணி இந்தக் கடிதத்தைக் காட்டிக் கண் கலங்கவைத்தது. நான் கேட்பது, அதற்குப் பிறகு என்ன நடந்தது? மூக்கிழந்த மனிதர் மறு ஆண்டே நேப்பிள்ஸ் திரும்பி அந்த 'ஒலிம்பியாதே'யை மேடையேற்றினார். 1781-ல் ரோமில் வறுமையில் இறந்தார். அதற்குச் சற்று முன் மிலானில் அவருடைய 'அர்மீதா' படுதோல்வி. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் தோற்றுப்போன 'அர்மீதா'வில் அவர் சேர்த்திருந்த ஒரு பாட்டை எதிரணி நண்பர்களும் கேட்டிருப்பார்கள். 'ரிதென்தே லா கால்மா' என்று வேறு வரிகளோடு, மோட்சார்ட் படைப்புகளின் பட்டியலில் கே. 152 என்ற எண்ணோடு, மோட்சார்ட் பாட்டாகவே காலகாலமாகப் பாடினார்கள். மெட்டு மிஸ்லிவெச்செக்குடையது. யார் பெயரில் யார் வாழ்ந்தார் என்று எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் சொல்லட்டும், நடுவர் அவர்களே.