அரசின் காகிதங்களைப் படித்த நிருபர்

இதழியல் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

அமைச்சர்களோடு நெருக்கம் இருந்தால்தான் அரசியல் நிருபராக முடியும் என்று பலர் நினைக்கிறோம். அந்த நெருக்கம் இல்லாமலே வாஷிங்டனில் சாதித்தவர் ஐ. எஃப். ஸ்டோன். அவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1907இல் பிலடெல்பியாவில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 14 வயதிலேயே சொந்தப் பத்திரிகை நடத்தினார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். பல நாளிதழ்களில் வேலை பார்த்தார். 1952 கடைசியில், அப்போது எழுதிவந்த நாளிதழை மூடிவிட்டார்கள். கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களையெல்லாம் செனட்டர் மெக்கார்த்தி போன்றவர்கள் வேட்டையாடிய காலம் அது. இடதுசாரி என்று பெயர் வாங்கியவருக்கு யார் வேலை தருவார்கள்? சரி, நாமே நடத்துவோம் என்று 1953 ஜனவரியில் நான்கு பக்க வார இதழைத் தொடங்கினார். ஆண்டுச் சந்தா 5 டாலர். விளம்பரமே கிடையாது. நிர்வாகம் முழுக்க மனைவி எஸ்தர்.

அவருக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால் நாடாளுமன்ற விசாரணைகளின் அச்சுப் பிரதிகளை வாங்கிவந்து வரி விடாமல் படிப்பார்.

இதன் பலனுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1957 செப்டம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பூமிக்கடியில் ஓர் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அணுச் சோதனையைத் தடைசெய்யும் ஒப்பந்தம் பற்றி அப்போது பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பூமிக்கடியில் வெடித்தால் சோவியத் ஏமாற்றுவதைக் கண்டுபிடிக்க முடியாது என்பது எதிர்த்தவர்களின் பெரிய வாதம். அதற்குத் தோதாக, இந்த வெடிப்பின் அதிர்வு 200 மைலுக்கு அப்பால் பதிவாகவில்லை என்று 1958 மார்ச்சில் அணுசக்தி ஆணையம் அறிவித்தது. ஸ்டோனுக்கு உறுத்தியது. ரோமிலும் டோக்கியோவிலும் அதிர்வு பதிவானதாக வெடிப்புக்கு மறுநாளே வந்த துண்டுச் செய்திகளை அவர் பத்திரமாக வைத்திருந்தார். நிலநடுக்கத்தை அளக்கும் அரசு அலுவலகத்துக்கே நேராகப் போய்க் கேட்டார். பட்டியல் கிடைத்தது. 2,000 மைலுக்கு அப்பால், அலாஸ்காவிலும் பதிவாகியிருந்தது! ஆணையம் தன் அறிக்கையைத் திருத்த வேண்டியதாயிற்று. ரகசியக் கோப்பு எதையும் அவர் திருடவில்லை. போய்க் கேட்டார், அவ்வளவுதான்.

தன் பக்கத்து இடதுசாரிகளிடமும் அவர் சலுகை காட்டவில்லை. 1956இல் மாஸ்கோ போய்வந்து, அது நல்ல சமுதாயம் அல்ல என்று எழுதினார். கோபப்பட்டுச் சந்தாவை நிறுத்தியவர்கள் பலர். எனக்கு அவர் மேல் மரியாதை கூடிய இடம் இதுதான். அப்புறம் வியட்நாம். 1964இல் டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்களை வட வியட்நாம் தாக்கியதாக அரசு சொன்னதைக் கேள்வி கேட்ட மிகச் சிலரில் அவரும் ஒருவர்.

இதய நோயால் 1971இல் இதழை நிறுத்தினார். அப்போது சந்தாதாரர்கள் சுமார் 70,000 பேர். அதன்பின் பேச்சுரிமையின் வரலாற்றைத் தேடி ஏதென்ஸ் வரை போனார். அங்கேயும் மூல ஆவணத்தையே படிக்க வேண்டும் என்று அந்த வயதில் பழங்கிரேக்கம் கற்று, தத்துவஞானி சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்த விசாரணை பற்றி 1988இல் ஒரு நூல் வெளியிட்டார். ஏதென்ஸ் போற்றிய பேச்சுரிமையைச் சொல்லி வாதாடியிருந்தால் சாக்ரடீஸ் தப்பியிருப்பார், ஜனநாயகத்தை மதிக்காததால்தான் அதைச் செய்யவில்லை என்பது ஸ்டோனின் வாதம். சாக்ரடீஸிடம் அவர் கொஞ்சம் கடுமை காட்டிவிட்டார் என்பது என் எண்ணம். நீங்களும் படித்துவிட்டு வாருங்கள், விவாதிப்போம்.