குன்றின் மேல் இட்ட விளக்கு

தலைவர் அவர்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

ஒருவரைப் புகழ வேண்டும் என்றால் 'குன்றின் மேலிட்ட விளக்கு' என்போம். நிஜமாகவே குன்றின் மேல் ஏற்றி, அந்த உயரத்தாலேயே கெட்டுப்போன ஒரு விளக்கைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் கரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி லண்டி என்றொரு தீவு. லண்டன் இல்லை, லண்டி. ஐந்து கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். மேற்கே முழுக்கச் செங்குத்துப் பாறை. அட்லாண்டிக்கிலிருந்து பிரிஸ்டல் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களின் பாதையில் அது குறுக்கே கிடக்கிறது. பிரிஸ்டல் வணிகர்கள் 1780களிலேயே அங்கே ஒரு கலங்கரை விளக்கத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். வேலை அதோடு நின்றுபோனது. பிறகு 1819இல் டிரினிட்டி ஹவுஸ் கட்டி முடித்தது. அந்நாட்டுக் கலங்கரை விளக்கங்களை நிர்வகிக்கும் பழைய அமைப்பு அது. வரைபடம் போட்டவர் டேனியல் ஆஷர் அலெக்சாண்டர். டார்ட்மூர் சிறைச்சாலையும் அவர் கைவண்ணம்தான். கல்லைக் கனமாக அடுக்கத் தெரிந்த மனிதர்!

தீவிலேயே வெட்டிய கருங்கல்லில் 29 மீட்டர் கோபுரம். உள்ளே சுழன்று ஏறும் 147 படிகள். நின்ற இடமோ தீவின் உச்சி. ஆக, விளக்கு எரிந்தது கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டருக்கும் மேலே.

ஏன் அவ்வளவு உயரம்? கணக்கு எளிது. பூமி உருண்டை. மீட்டரில் உயரத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 30 மீட்டரில் வைத்த விளக்குக்குத் தொடுவானம் 19 கிலோமீட்டர் சொச்சம். 150 மீட்டரில் வைத்தால் 43ஐத் தாண்டும். காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் அந்தக் கடலில் மேகம் தாழ இறங்கும். உச்சியை மூடிக்கொண்டு நிற்கும். கீழே அலைமட்டத்தில் கப்பல்காரனுக்குப் பார்வை ஓரளவு தெளிவாகவே இருக்கும். தலைக்கு மேலே விளக்கை மட்டும் காணோம். நட்சத்திரம் தெரிகிற இரவில் 40 கிலோமீட்டருக்குத் தெரியும் விளக்கு, ஆபத்தான இரவில் அடிவாரத்துக்கே தெரியாது.

அது மட்டுமா? அங்கே இரண்டு விளக்குகள் வைத்தார்கள். கீழே நிலையாக எரிவது ஒன்று. மேலே சுழன்று மின்னுவது ஒன்று. இந்த ஜோடியைப் பார்த்து 'இது லண்டி' என்று மாலுமி அடையாளம் காண வேண்டும். மேல்விளக்கு சுழன்ற வேகத்தில், இரண்டு மின்னலுக்கு நடுவே வர வேண்டிய இருட்டு கண்ணுக்குப் படவில்லை. இரண்டுக்கும் இடைவெளி 30 அடிதான் என்பதால், ஐந்து மைல் தொலைவில் இரண்டும் சேர்ந்து ஒரே நிலைவிளக்காகத் தெரிந்தன. ஏற்றிப் பத்தாண்டு ஆவதற்குள் 'லா ஜோன் எம்மா' என்ற பிரெஞ்சுக் கப்பல் கரீபியக் கடலின் மார்ட்டினிக் தீவிலிருந்து பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்குப் போகும் வழியில் பனிமூட்டத்தில் இங்கே மோதியது. பிரான்சின் உஷாந்த் தீவிலிருந்த நிலைவிளக்கு என்று இதை நினைத்துவிட்டார்கள் என்கிறார்கள். கப்பலில் இருந்த 19 பேரில் 13 பேர் மாண்டார்கள்.

சரி, விளக்கைக் கீழே இறக்கினார்களா? இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். புகார் மேல் புகார் வந்தபோது, 1860களில், மேற்குப் பாறைச்சரிவில் பாதி வழியில் இரண்டு பீரங்கிகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். பனி இறங்கினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெற்று வேட்டு. அதைச் சுடுபவர்கள் குடும்பத்தோடு அந்தச் சரிவிலேயே இரண்டு சிறு வீடுகளில் வாழ்ந்தார்கள். பிறகு பீரங்கி போய் ராக்கெட் வெடி வந்தது. விளக்கு மட்டும் உச்சியிலேயே எரிந்தது, 1897 வரை! அந்த ஆண்டுதான் தீவின் வட முனையிலும் தென் முனையிலும், சுமார் 50 மீட்டர் உயரத்தில், இரண்டு புது விளக்குகள் ஏற்றிப் பழையதை அணைத்தார்கள்.

பழைய கோபுரம் இன்றும் உறுதியாக நிற்கிறது. 1969இல் தீவு, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. பழைய கட்டடங்களைப் பேணும் லேண்ட்மார்க் டிரஸ்ட் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. விளக்குக் காவலர் வீட்டில் வாடகைக்குத் தங்கலாம். அந்தச் சரிவில் துருப்பிடித்த பீரங்கிகளும் கிடக்கின்றன.

ஒரு நண்பர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: 'புது விளக்குகள் வந்தபின் விபத்து நின்றதா?' நல்ல கேள்வி. 1906 மே 30. ஹெச்எம்எஸ் மான்டகு, பிரிட்டிஷ் கடற்படையில் மூன்றே வயதான போர்க்கப்பல், பனிமூட்டத்தில் லண்டியின் தென்மேற்கு மூலையில் ஏறி உட்கார்ந்தது. தாங்கள் இருப்பது எதிர்க்கரையில் உள்ள ஹார்ட்லண்ட் முனை என்று கப்பலில் இருந்தவர்கள் உறுதியாக நம்பினார்கள். உதவி தேடிப் போனவர்கள் தீவின் வடக்கு விளக்குக்கு வந்து சேர்ந்து, இது ஹார்ட்லண்ட்தான் என்று அங்கிருந்த காவலரிடமே வாதாடியிருக்கிறார்கள்! தான் எந்த விளக்கைக் காக்கிறோம் என்று காவலருக்குத் தெரியாதா? கப்பலை மீட்க முடியவில்லை. கப்பல் தலைவரும் வழிகாட்டு அதிகாரியும் ராணுவ விசாரணையில் தண்டிக்கப்பட்டார்கள். கப்பலைப் பழைய இரும்புக்கு விற்றார்கள். அதைப் பிரித்தெடுக்க வந்தவர்கள் ஏறி இறங்கப் பாறையில் வெட்டிய படிகளுக்கு இன்றும் மான்டகு படிகள் என்றே பெயர்.