நாய்க்கும் ஒரு கிளினிக் கொப்பி

(வளர்ப்புப் பிராணிகளைப் பற்றிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

"எங்க நாயை நாங்க புள்ள மாதிரிதான் வளர்க்கிறோம்." இந்த வார்த்தையைத் தோட்டத்து லயத்திலும் கேட்கலாம், ஹட்டன் டவுனில் மாடி வீட்டிலும் கேட்கலாம். அப்படிச் சொல்கிறவர்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை. கைக்குழந்தை தாயிடம் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று பார்க்க உளவியலில் ஒரு சோதனை உண்டு. புது அறையில் தாய் பிள்ளையை விட்டுப் போவாள், அந்நியர் ஒருவர் வருவார், பிறகு தாய் திரும்புவாள். 1998இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் அதே சோதனையை நாய்க்கும் எசமானுக்கும் வைத்தார்கள். நாயும் ஏறத்தாழக் கைக்குழந்தை மாதிரியே நடந்துகொண்டது. நாயும் மனிதரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் சுரக்கிற அதே ஒக்ஸிடோசின் என்ற ஹோர்மோன் இரு பக்கமும் கூடுகிறது என்று 2015இல் ஜப்பான் ஆய்வு ஒன்று காட்டியது.

ஆகவே பாசத்தைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. பாசம் பிள்ளைப் பாசமாகவே இருக்கட்டும். அந்தப் பாசத்தோடு நாம் நாயின் வாயில் எதைப் போடுகிறோம், எதைப் போடாமல் விடுகிறோம் என்பதைத்தான் இன்றைக்குப் பேச வேண்டும்.

முதலில் பனடோல். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் வீட்டில் முதலில் தேடுவது அந்தக் குளிசையைத்தான். நாயின் காதைத் தொட்டுப் பார்த்து, "சுடுது" என்று அதையே உடைத்துக் கொடுக்கிறார்கள். நாயின் சாதாரண உடல் வெப்பமே 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இருக்கும். நமக்குக் காய்ச்சல் என்கிற சூடு அதற்குச் சுகமான சூடு. கையால் தொட்டுச் சொல்ல முடியாது. வெப்பமானியின் நுனியில் கொஞ்சம் வஸ்லின் தடவி, மலவாயில் ஒரு அங்குலம் அளவு வைத்துப் பாருங்கள். 39.5ஐத் தாண்டினால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். 40ஐத் தாண்டினால் அன்றைக்கே கொண்டு போங்கள்.

பூனை விஷயத்தில் இது இன்னும் மோசம். பனடோலில் இருக்கிற பரசிட்டமோல் என்ற மருந்தை உடைத்து வெளியேற்றுகிற வசதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே நான்கு கிலோ பூனையைக் கொல்லப் போதும். சில மணித்தியாலங்களில் முரசு (பல் ஈறு) தவிட்டு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடுவதுதான் காரணம். நாய்க்கு அளவு மிஞ்சினால் ஈரல் பழுதாகும். ஐபுப்ரோஃபென் போன்ற வலிக் குளிசைகள் இரைப்பையில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். "கால்வாசிதான் குடுத்தேன்" என்று சொல்லி வருவோர் ஏராளம். எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் சிகிச்சையைத் தீர்மானிக்கலாம்.

அடுத்தது சாப்பாடு. நாம் சாப்பிட்டு மிஞ்சிய சோறும் கறியும் நாய்க்குப் போகிறது. பருப்பும் சோறும் மட்டுமென்றால் பெரிய ஆபத்து இல்லை, சத்துத்தான் போதாது. கறியில் கரைந்து கிடக்கிற வெங்காயம்தான் ஆபத்து. நாயின் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு வெங்காயம் ஒரே வேளையில் உள்ளே போனால் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். பத்துக் கிலோ நாய்க்கு அது 50 கிராம். அவித்தாலும் பொரித்தாலும் தூளாக்கினாலும் அந்தக் குணம் போகாது. உள்ளியும் அதே இனம். தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று, ஐந்து நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், முரசு வெளுக்கும், சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும். அதற்குள் என்ன போட்டோம் என்பதை வீட்டில் மறந்திருப்பார்கள்.

தேத்தண்ணி என்றதும் ஞாபகம் வருகிறது. காலையில் தான் குடிக்கிற கோப்பையில் மிஞ்சியதை நாய்க்கு ஊற்றாத வீடு நம் பக்கத்தில் குறைவு. வளர்ந்த நாயை ஒரு வாய் தேத்தண்ணி கொல்லாது, பயப்பட வேண்டாம். ஒரு கோப்பையில் 30 முதல் 50 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கிறது. நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில்தான் படபடப்பும் வாந்தியும் தொடங்கும். ஆனால் ஒரு கிலோ எடையுள்ள குட்டிக்கு அந்த ஒரு கோப்பையே கூடுதல். பெரிய நாய்க்கும் அதிலுள்ள சீனியும் பால்மாவும் நல்லதல்ல. குட்டிப் பருவம் கழிந்தால் பெரும்பாலான நாய்களுக்குப் பால் வயிற்றாலே போகும்.

பிஸ்கட்டுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். கருத்தடை செய்த பத்துக் கிலோ நாய்க்கு நாள் முழுவதற்கும் ஏறத்தாழ 630 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக் கூடாது. ஒரு மாரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி. ஆக, இரண்டு பிஸ்கட்டோடு அன்றைய பங்கு முடிந்தது. தாத்தா இரண்டு, அம்மாயி இரண்டு, ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை இரண்டு என்று கொடுத்தால் ஒரு வருடத்தில் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாது. விரலை விலாவில் வைத்து அழுத்தாமல் தடவுங்கள். எலும்பு எண்ண வர வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. அதுதான் சரியான உடம்பு. பூனைக்கு ஒன்று மட்டும்: சோறும் பருப்பும் போட்டுப் பூனையை வளர்க்க முடியாது. டோரின் என்ற சத்து மீனிலும் இறைச்சியிலும்தான் கிடைக்கும். அது இல்லாவிட்டால் கண் பார்வை போகும், இதயம் பலவீனப்படும்.

பிள்ளையைப் போல என்று சொல்கிறோமே, பிள்ளை பிறந்தால் நாம் என்ன செய்கிறோம்? கிளினிக் கொப்பி வாங்குகிறோம். மிட்வைஃப் மாதாமாதம் நிறுக்கிறார், ஊசித் திகதி எழுதுகிறார், திகதி தவறினால் வீடு தேடி வருகிறார். பாசத்தைவிட அந்தக் கொப்பிதான் நம் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. நாய்க்கு அதே கொப்பியைப் போடுங்கள். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும்.

முதல் பக்கத்தில் பூச்சி மருந்து. வட்டப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடுகிறது. அதனால் இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது வாரங்களில் மருந்து கொடுக்க வேண்டும். பிறகு ஆறு மாதம் வரை மாதமொருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் நிறுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அளவு கிலோக் கணக்கில். குட்டியைக் கடைப் பையில் வைத்துக் கொளுவித் தராசில் நிறுக்கலாம். பெரிய நாயென்றால் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். இது நாய்க்கு மட்டுமான வேலை அல்ல. 1911இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட அன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்ற கொக்கிப்புழு நாயிலும் பூனையிலும் வாழ்கிறது; மனிதக் குடலிலும் முழுப் புழுவாக வளர்ந்து இரத்தம் உறிஞ்சுகிறது. அதன் குடம்பி (இளம் புழு) ஈர மண்ணில் காத்திருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். லயத்து வாசலிலும் பீலியடியிலும் மண் எப்போது காய்கிறது? நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிக் குழியில் போடுங்கள். குடம்பி உருவாகச் சில நாட்கள் தேவை. அதற்குள் அள்ளினால் காரியம் முடிந்தது.

இரண்டாவது பக்கத்தில் ஊசி. பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டு ஊசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் போடப்படும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை விடுவதால்தான் ஊசி போட்ட குட்டியும் பார்வோவில் சாகிறது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி முதல் ஊசியின் வேலையைத் தடுத்துவிடும். அது எந்த வாரத்தில் இறங்குகிறது என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஊசி திரும்பத் திரும்ப.

விசர்நோய் ஊசி தனி. அதை விலக்கி வைக்க எந்தக் காரணமும் இல்லை, சுகாதாரப் பகுதியினர் இலவசமாகவே போடுகிறார்கள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸில் அல்லது பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் அடுத்த தடுப்பூசி நாளைக் கேளுங்கள். இலங்கையில் விசர்நோய்க்கான கட்டளைச் சட்டம் 1893இலேயே வந்தது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இல். தெரு நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கை 2006இல் வந்த பிறகு, தடுப்பூசியும் கருத்தடையும்தான் நம் கையில் மிஞ்சியிருக்கிற ஆயுதங்கள். வருடம் ஒருமுறை திகதி போட்டுக் கொப்பியில் எழுதுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கோப்பித் தூளும் வேண்டாம். உடனே அரசாங்க ஆஸ்பத்திரி. கடித்த நாயைக் கொல்லாதீர்கள், இரண்டு வாரம் கட்டிப்போட்டுக் கவனியுங்கள். அது உயிரோடு இருக்கிறதா என்பதும் வைத்தியருக்கு வேண்டிய தகவல். வீட்டு நாய் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடுவதும் "பிள்ளை" என்ற நினைப்பின் விளைவுதான்.

மூன்றாவது பக்கம் உண்ணிக்கு. கொழுந்து மலைக்குப் பின்னாலேயே போய்வருகிற நாய்க்கு அட்டை கடித்தால் இரத்தம் வடியும், அவ்வளவுதான். உண்ணி அப்படியல்ல, பேபீசியா காய்ச்சலைக் கொண்டு வரும். அந்தக் கிருமி உடம்பில் இறங்க உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் கடித்தபடி இருக்க வேண்டும். அதனால் தினமும் மாலையில் ஐந்து நிமிடம் போதும்: காதின் உள்மடிப்பு, கால்விரல் இடுக்கு, கழுத்துப் பட்டிக்கு அடிப்பக்கம், வாலின் அடி. முள்ளெடுக்கும் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்புக் குச்சி, மண்ணெண்ணெய், வண்டிக் கழிவெண்ணெய் எதுவும் ஆகாது. கழிவெண்ணெயைச் சொறிக்குப் பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; நாய் அதை நக்கும், தோலும் உறிஞ்சும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவினால் பூனை வலிப்பு வந்து சாகும்.

கொப்பியில் எழுத முடியாத ஒரு விஷயம் தண்டனை. "செஞ்ச தப்பு அதுக்கே தெரியும், மூஞ்சியப் பாருங்க" என்கிறார்கள். 2009இல் நியூயோர்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு எசமான் அறையை விட்டுப் போவார். சில நாய்களுக்கு அந்தத் தீனி கொடுக்கப்படும், சிலவற்றுக்கு இல்லை. திரும்பி வரும் எசமானிடம் சில தடவை பொய்யும் சொல்லப்பட்டது. தலையைத் தொங்கப் போடும் அந்தக் "குற்றவாளி முகம்" ஏச்சு வாங்கிய நாய்களிடம்தான் வந்தது. தின்னாமலே ஏச்சு வாங்கிய நாயிடம் அது இன்னும் கூடுதல். நாய் உங்கள் கோபத்தைப் பார்க்கிறது, காலையில் கடித்த செருப்பை அல்ல. பின்னேரம் வந்து அடித்தால், நீங்கள் வரும் நேரம் பயத்துக்குரிய நேரம் என்று மட்டும் கற்றுக்கொள்ளும்.

பெட்டை நாய்க்குக் கருத்தடை என்றதும், "பாவம், ஒரு தடவையாவது தாயாகட்டும்" என்கிறார்கள். நம் மனசை நாயின் மேல் ஏற்றுகிற பேச்சு இது. நாய்க்கு அப்படியொரு ஏக்கம் இருப்பதாக எந்தச் சான்றும் இல்லை. 63 நாளில் ஆறு குட்டி போட்டால் அவற்றுக்கு வீடு தேடுவது யார்? சாக்கில் கட்டி டவுனில் விடப்படுவது அந்தக் குட்டிகள்தான். கருத்தடை செய்யாத பெட்டைக்கு, வெட்கை (இணைசேரும் பருவம்) முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில் கருப்பையில் சீழ் கட்டுகிற நோயும் வரலாம். தண்ணீரை மாறி மாறிக் குடிக்கும், வாந்தி எடுக்கும், சில வேளை பின்புறத்தால் சீழ் வடியும். உடனே அறுவை செய்யாவிட்டால் பிழைப்பது கஷ்டம். ஆறு மாதம் முடிந்ததும் மிருக வைத்தியரிடம் கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். சிக்கலான கேஸ் என்றால் பேராதனை மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

பிள்ளையை இரவில் வாசலில் கட்டிவைக்க மாட்டோம். நாயை வைக்கிறோம். மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சிறுத்தையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சங்கிலியில் கட்டிய நாய் ஓட முடியாத இரை. ஒருமுறை கிடைத்தால் சிறுத்தை அதே லயத்துக்குத் திரும்ப வரும். அவிழ்த்துவிட்டாலோ மரக்கறித் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை சிக்கிச் செத்ததும் அப்படியொரு சுருக்கில்தான். இருட்டுகிற நேரம் நாயை உள்ளே எடுங்கள். குசினியில் ஒரு மூலை போதும். கூடுதான் என்றால் நான்கு பக்கமும் மேலேயும் கனத்த கம்பி வலை, உள்ளே கொண்டி, நிலத்திலிருந்து அரை அடி உயர்ந்த பலகை, அதன்மேல் காய்ந்த சாக்கு. நுவரெலியாவில் தை, மாசிப் பனிக்கு அந்தச் சாக்கை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். நனைந்த ஸ்வெட்டர் மாட்டி விடுவதைவிட அதுதான் குளிரைத் தடுக்கும். ஈரத் துணிக்கு அடியில் தோல் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. வயதான நாயோ, விபத்தில் முள்ளந்தண்டு முறிந்த நாயோ எழும்ப முடியாமல், சாப்பிடாமல், தான் கழித்ததிலேயே படுத்துக் கிடக்கும்போது, "புள்ளையக் கொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். பிள்ளைக்கு நாளைக்குச் சுகமாகும் என்று சொல்லிப் புரியவைக்கலாம். நாய்க்கு இந்த நிமிடத்து வலி மட்டும்தான் உண்டு. வைத்தியர் குணப்படுத்த வழியில்லை என்றால் கருணை ஊசி கேட்பதில் தவறில்லை. அந்த ஊசிக்கு முதலில் மயக்க மருந்து தரச் சொல்லிக் கேளுங்கள். புதைக்கும்போது மூன்று அடிக்குக் குறையாமல் குழி வெட்டி, பீலிக்கும் ஓடைக்கும் தள்ளி, மேலே கல் பரப்பி மூடுங்கள். ஊசி மருந்து உடலில் தங்கியிருக்கும். பன்றியோ வேறொரு நாயோ தோண்டித் தின்றால் அதுவும் விழும்.