சமையலை மாத்தாம கலோரி கணக்கு: தட்டை விடுங்க, பாத்திரத்தை எடை போடுங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு வீடியோ முழுக்க அடுப்பு மேடைப் பக்கம்தான். உடம்பைக் குறைக்க சாப்பாட்டை ஆப்ல ஏத்திக்கிட்டு வர்ற நிறைய பேர் ஒரே இடத்துல மாட்டிக்கிறாங்க. பாக்கெட்ல வர்ற பொருளுக்குப் பின்பக்கமே கணக்கு அச்சடிச்சிருக்கு. வீட்ல வெச்ச குழம்புக்கு? உடனே ஆப்ல "கோழிக் குழம்பு, 1 கப்"னு தேடி, முதல்ல வர்றதை அமுக்கிடுறாங்க. அது யாரோ முகம் தெரியாத ஒருத்தர் ஏத்தி வெச்சது. அவர் எவ்வளவு எண்ணெய் ஊத்தினாரு, அவர் வீட்டுக் கப் எவ்வளவு பெருசு, யாருக்குத் தெரியும்? சில பேர் நேர் எதிரா போயிடுறாங்க. கணக்குப் போட சுலபமா இருக்குன்னு வீட்டுச் சாப்பாட்டையே விட்டுட்டு அவிச்ச கோழி, வெள்ளரிக்காய்னு இறங்கிடுறாங்க. நாலு நாள் தாங்கும்.

ரெண்டும் வேண்டாம். வழக்கமா சமைக்கிற மாதிரியே சமைங்க. உள்ளே போறதை எடை போடுங்க, கடைசியில பாத்திரத்தை எடை போடுங்க. அவ்வளவுதான்.

முதல்ல தராசு. 1 கிராம் வரைக்கும் காட்டுற, 5 கிலோ தாங்குற டிஜிட்டல் தராசு போதும். பாத்திரத்தோட சேர்த்து எடை போடப் போறோம்ங்கிறதால 2 கிலோ, 3 கிலோ தாங்குறது பத்தாது. கனமான குக்கர்னா அதுவே 2 கிலோ சாப்பிட்டுடும். இப்ப உங்க வீட்ல அடிக்கடி பயன்படுத்துற நாலஞ்சு பாத்திரத்தைக் காலியா எடை போட்டு, போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க. மூடி இல்லாம, கரண்டி இல்லாம. இதை ஒரு தடவை செஞ்சா போதும்.

அடுத்தது எண்ணெய். இதைக் கொஞ்சம் கிட்டத்துல பாருங்க, கேமராவைக் கீழே இறக்குறேன். எண்ணெய் பாட்டிலைத் திறந்து தராசு மேல வெச்சுட்டேன். இந்த டேர் பட்டனை அமுக்கினதும் பூஜ்ஜியம் வந்துடுச்சு. இப்ப பாட்டிலை எடுத்து கடாயில உங்க கைப்பழக்கத்துக்கு ஊத்துங்க, குறைக்காதீங்க. திரும்ப வைக்கிறேன். மைனஸ் 38னு காட்டுது, தெரியுதா? 38 கிராம் எண்ணெய் உள்ளே போயிருக்கு. ஸ்பூன் வேண்டாம், பாத்திரம் கழுவுற வேலையும் மிச்சம். நெய், வெண்ணெய், தேன், சர்க்கரை டப்பா எல்லாத்துக்கும் இதே வேலைதான்.

ஏன் எடுத்ததும் எண்ணெய்? கார்போஹைட்ரேட், புரதம் ரெண்டும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு மட்டும் 9. ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மில்லி எண்ணெய் சுமார் 120 கலோரி. வெங்காயத்துல 50 கிராம் தப்பினா 20 கலோரிதான், விட்டுடலாம். எண்ணெய்ல 50 கிராம் தப்பினா ஒரு வேளைச் சாப்பாடே கணக்குல காணாமப் போகும். அதனால எல்லாத்தையும் ஒரே மாதிரி நுணுக்கமா அளந்து சாகாதீங்க. எண்ணெய், கொட்டை வகை, தேங்காய், சீஸ், சர்க்கரை, தானியம், பருப்பு, கறி, இதெல்லாம் தராசுக்குப் போகணும். கீரை, கத்தரிக்காய், மிளகாய், உப்பு, மசாலாத்தூள்ல ஒரு சிட்டிகை, இதெல்லாம் கண் அளவு போதும்.

தராசுல ஒரு கோளாறு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். தராசு மேலேயே கிண்ணத்தை வெச்சு எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விட்டீங்கன்னா சில தராசு ஏமாத்தும். எடை ரொம்ப மெதுவா ஏறும்போது அதைப் பிசிறுன்னு நினைச்சு தானாவே பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வந்துடும். 10 கிராம் விட்டிருப்பீங்க, 4 காட்டும். பாட்டிலை வெச்சு எடுக்கிற முறையில இந்தப் பிரச்சனையே கிடையாது.

சரி, குழம்பு கணக்குக்கு வருவோம். எலும்பும் தோலும் இல்லாத பச்சைக் கோழி நெஞ்சுக்கறி 600 கிராம், 720 கலோரி. எண்ணெய் 40 கிராம், 360. வெங்காயம் 300 கிராம், 120. தக்காளி 250 கிராம், 45. தயிர் 100 கிராம், 60. மசாலாத்தூள் 15 கிராம், ஒரு 45ன்னு வெச்சுக்கோங்க. மொத்தம் 1350. தண்ணிக்குக் கலோரி இல்ல, எவ்வளவு ஊத்தினாலும் அதைக் குறிக்க வேண்டாம். ஆனா இறக்கினப்புறம் நல்லாக் கிளறிட்டு, பாத்திரத்தோட எடை போடுங்க. 2020 கிராம் வருதுன்னு வைங்க, காலிப் பாத்திரம் 820. குழம்பு 1200 கிராம். 1350ஐ 1200ஆல வகுத்தா கிராமுக்கு 1.125 கலோரி. உங்க தட்டுல 280 கிராம் விழுந்தா 315 கலோரி. வீட்ல மத்தவங்க எவ்வளவு போட்டுக்கிட்டாங்கன்னு நீங்க எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

ஆப்ல இதுக்கு ஒரு குறுக்கு வழி. ரெசிபியை ஏத்தும்போது "எத்தனை பேருக்கு"ன்னு கேட்கும்ல, அங்க 4ன்னு போடாதீங்க. 1200ன்னு போடுங்க. அப்ப ஒரு பங்குங்கிறது ஒரு கிராம். சாப்பிடும்போது 280 பங்குன்னு போட்டா முடிஞ்சுது. அதே குழம்பை அடுத்த வாரம் வைக்கும்போது கறியும் எண்ணெயும் எவ்வளவு, கடைசி எடை எவ்வளவு, இந்த மூணை மட்டும் மாத்துங்க.

சுடச்சுட பாத்திரத்தை நேரா தராசு மேல வைக்காதீங்க. சூட்டுல உள்ளே இருக்கிற சென்சார் தடுமாறும், கண்ணாடித் தட்டுன்னா விரிசலும் விடலாம். ஒரு மரப்பலகையை வெச்சு டேர் பண்ணிட்டு அது மேல வைங்க. கிளறாம எடுக்கிறதும் தப்பு. எண்ணெய் மேல மிதக்கும், முதல்ல ஊத்திக்கிறவங்க தட்டுக்குப் பாதி போயிடும். கறித்துண்டு மட்டும் பொறுக்கிப் போட்டுக்கிற ஆளுன்னா இந்தச் சராசரி சரிப்படாது, கறியைத் தனியா எடை போட்டு ஏத்துங்க. எலும்போட சமைச்சாலும் அப்படித்தான். சாப்பிட்டு முடிச்சதும் மிஞ்சின எலும்பை எடை போட்டுக் கழிச்சா ஓரளவு சரியா வரும்.

பொரிக்கிறதுக்கு வேற வழி. கடாயில ஊத்துற எண்ணெயை முன்னாடி எடை போடுங்க, பொரிச்சு முடிச்சு ஆறினதும் திரும்ப எடை போடுங்க. குறைஞ்சதை மொத்தமா பொரிச்ச பண்டத்தோட கணக்குல சேருங்க. ஆறினப்புறம்னு சொன்னேன், சூடான எண்ணெயோட விளையாடாதீங்க.

இப்ப பச்சை எடையா, வெந்த எடையாங்கிற சண்டை. அதிகம் பேர் கணக்குல ஓட்டை விழுறது இங்கதான்னு நான் சொல்லுவேன். 100 கிராம் அரிசியில சுமார் 360 கலோரி. அது வெந்து 280 கிராம் சோறாகும். சோறு 100 கிராமுக்கு 130 கலோரிதான். ஒருத்தர் அரிசியா 100 கிராம் அளந்து போட்டு, ஆப்ல "சோறு 100 கிராம்"னு ஏத்தினா ஒரு வேளைக்கு 230 கலோரி கண்ணுக்குத் தெரியாம போகுது. ரெண்டு வேளைன்னா 460. பட்டினியா இருக்கேன், குறையவே மாட்டேங்குதுன்னு சொல்றதுக்கு இது ஒண்ணே போதும். கறி நேர் எதிர். வேகும்போது தண்ணி விட்டு எடை கால்வாசி குறையும், அதனால கோழி நெஞ்சுக்கறி பச்சையா 100 கிராமுக்கு 120 கலோரி, வெந்தது 165. எந்த எடையில அளக்கிறீங்களோ அந்தப் பேர்ல இருக்கிற பதிவையே எடுங்க. பச்சை, வெந்ததுன்னு ஒண்ணுமே போடாத பதிவைத் தொடாதீங்க.

பதிவு நம்பகமானதான்னு பார்க்க: புரதத்தையும் கார்போஹைட்ரேட்டையும் கூட்டி 4ஆல பெருக்குங்க, கொழுப்பை 9ஆல பெருக்குங்க. கூட்டினா போட்டிருக்கிற கலோரிக்குக் கிட்டத்துல வரணும். நார்ச்சத்து நிறைய இருந்தா கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். பாதிக்குப் பாதி வித்தியாசம்னா தூக்கிப் போடுங்க.

எண்ணெயைக் குறைக்கலாமான்னு கேட்பீங்க. அந்தக் குழம்பையே எடுத்துக்கலாம். 40 கிராமை 20 ஆக்கினா மொத்தத்துல 180 கலோரி குறையும், ஆனா உங்க தட்டுல குறையுறது வெறும் 40 கலோரிதான். ருசி போயிடுச்சுன்னு வீட்ல முகம் சுளிப்பாங்க. அதே தட்டுல சோத்தை 250லிருந்து 150 கிராம் ஆக்கிட்டு காயை ஏத்தினா 100 கலோரிக்கு மேல மிச்சம், குழம்பு அப்படியே இருக்கும். சில வீட்ல எண்ணெய் 100 கிராம் போகும், அங்க எண்ணெய்தான் முதல் கை வைக்க வேண்டிய இடம். உங்க பாத்திரம் என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க.

கணக்குக்கே வராத சாப்பாடுன்னு ஒண்ணு இருக்கு. உப்பு பார்க்கிறேன்னு ரெண்டு கரண்டி, குழந்தை மிச்சம் வெச்சது, டீயில பால் சர்க்கரை, கடாயை வழிச்சது. 1992ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்துச்சு. குறைவாத்தான் சாப்பிடுறோம், எடை குறையலன்னு சொன்னவங்களை அளந்து பார்த்ததுல, சாப்பிட்டதை சராசரியா 47 சதவீதம் குறைச்சுச் சொல்லியிருந்தாங்க. செஞ்ச உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தாங்க. அவங்களைப் பொய் சொன்னாங்கன்னு எடுத்துக்காதீங்க, மனசுல வெச்சுக் கணக்குப் போட்டா யாருக்கும் இப்படித்தான் வரும். அதனால உடற்பயிற்சிக்கு வாட்ச் காட்டுற கலோரியை "சம்பாதிச்சது"ன்னு திரும்பச் சாப்பிடாதீங்க.

ஒரு நாளைக்கு எவ்வளவு? உடம்பு சும்மா இருந்தாலே ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி எரிக்கும்னு கணிக்கிற மிஃப்லின் செயின்ட் ஜியோர் சூத்திரம் ஆரம்பிக்கப் போதும். எடையை கிலோவுல 10ஆல, உயரத்தை சென்டிமீட்டர்ல 6.25ஆல பெருக்கிக் கூட்டுங்க, வயசை 5ஆல பெருக்கிக் கழிங்க. ஆண்னா 5 கூட்டணும், பெண்னா 161 கழிக்கணும். 70 கிலோ, 160 சென்டிமீட்டர், 35 வயசுப் பெண்ணுக்கு 1364. ஓரளவு நடமாட்டம் இருக்குன்னா 1.375ஆல பெருக்கினா 1875. அதுல 400 குறைச்சா சுமார் 1475. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7700 கலோரிங்கிறதால, இது வாரத்துக்கு 350 கிராம் பக்கம் குறைக்கும். மெதுவாத் தெரியும், ஆனா சோறும் குழம்பும் இருக்கும். கர்ப்பிணி, பால் கொடுக்கிறவங்க, இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவங்க டாக்டரைக் கேட்காம இதுல இறங்கக் கூடாது. சாப்பாட்டை எண்ண எண்ண பதட்டம் கூடுற ஆளுங்களுக்கும் இந்த முறை வேண்டாம்.

சூத்திரம் சொன்னது மதிப்பீடுதான். காலையில பாத்ரூம் போயிட்டு வந்து, எதுவும் சாப்பிடாம எடை பாருங்க. தனித்தனி நாளை விட்டுட்டு 7 நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்க. உப்புக் கூடின மறுநாள், மாதவிடாய்க்கு முன்னாடி, ஒரு கிலோ ஏறி இறங்கும், அது தண்ணி. நாலு வாரம் சராசரி அசையலன்னா 100 கலோரி குறைங்க. அதுக்கு முன்னாடி எண்ணெய் பாட்டிலையும் அரிசிப் பதிவையும் ஒரு தடவை சரிபாருங்க, பாதி நேரம் விஷயம் அங்கதான் இருக்கும்.

கடைசியா மிச்சம் வெச்ச குழம்பு. மறுநாள் சூடு பண்ணும்போது தண்ணி வத்தும், 600 கிராம் மிச்சம் 520 ஆகும். கலோரி குறையாது, அதே 675 தான். நேத்தைய 1.125 இன்னைக்குச் செல்லாது, 1.3 ஆயிடும். ஒண்ணு, முதல் நாளே டப்பா டப்பாவா பிரிச்சு மேல எழுதி வெச்சுடுங்க. இல்லன்னா வத்தின அளவுக்கு வெந்நீர் ஊத்தி பழைய எடைக்குக் கொண்டு வந்துடுங்க. எடை போடும்போது மூடியையும் கரண்டியையும் வெளிய எடுத்துட்டுப் போடுங்க.